இருபத்திரண்டு பைகள்

"எல்லாம் மிதக்குது," என்றாள் பெரியவள்.

"நல்லாக் கலக்கி விடுங்கக்கா. காத்து ஒட்டியிருக்கும்."

"மூணு தடவ கலக்கிட்டேன். நீயே வந்து பாரு."

சின்னவள் எட்டிப் பார்த்தாள். நீல வாளியில் விளிம்புவரை தண்ணீர். அதன்மேல் கட்டைவிரல் பருமனில், ஐந்து வரி ஓடிய காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. மூழ்கியது ஒன்றுகூட இல்லை. வாளியின் அடியில் இருந்த கீறல் தெளிவாகத் தெரிந்தது.

நாற்றங்காலில் இது தினமும் செய்கிற சோதனைதான். பருப்பு உள்ள விதை மூழ்கும், பொக்கு மிதக்கும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து மிதப்பது எந்த வருஷமும் உண்டு. வாளி முழுக்க மிதந்து இருவரும் பார்த்ததில்லை.

பெரியவள் நாலைந்து காய்களை எடுத்துப் பலகையில் வைத்துக் கத்தியால் நறுக்கினாள். "பொக்கு. இதுவும் பொக்கு. இதுல கொஞ்சம் தோல் மாதிரி சுருண்டு கெடக்கு, அவ்வளவுதான்." கத்தியைக் கீழே வைத்தாள். "ஏழு வருஷம் வளத்து, பூத்து, காய்ச்சு, உள்ள காத்து."

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருப்பவர்கள். ஆற்றுக் கரைகளைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குச் சொந்தமான இந்த நாற்றங்காலைப் பெரியவள் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள். சின்னவள் தையல்காரி. விதை எடுக்கும் துணிப்பைகளைத் தைத்துக் கொடுக்க வந்தவள், அப்படியே நாற்றுக்கும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்து இங்கேயே தங்கிவிட்டாள்.

ஆற்றுக்கு அக்கரையில் கொஞ்சம் பழைய காடு மிச்சமிருந்தது. மற்ற இடமெல்லாம் வெட்டிய பிறகு எப்படியோ தப்பிய ஒரு துண்டு. அதில்தான் ஆற்றுமரம் என்று இவர்கள் சொல்லும் மரங்கள் இருபத்திரண்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் எண் அடித்திருந்தது. ஏழு வருஷம் முன்பு அந்த இருபத்திரண்டிலும் விதை எடுத்து, மூவாயிரம் நாற்று வளர்த்து, மண் சரிந்து கிடந்த ஒரு மொட்டைக் கரையில் நட்டார்கள். அதற்குப் புதுக்கரை என்று பெயர் வந்துவிட்டது. கரை நின்றது, மரங்கள் தளதளவென்று வளர்ந்தன. இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. வாளியில் மிதப்பது அதுதான்.

"வியாழக்கிழமை ஆபீஸ் மேடம் கூப்பிட்டிருக்காங்க," என்றாள் பெரியவள். "புதுக்கரை தானா விதை போட ஆரம்பிச்சா, மிச்சக் கரை முழுக்க இதே மரம். இல்லன்னா கம்பு வெட்டி நட்டா வர்ற அந்த வெளியூர் மரம். முடிவு பண்ணப் போறாங்க."

"அதையே நட்டுட்டுப் போகட்டுமே."

"பழைய காட்டுக்கு வேலி எதுக்கு போட்டிருக்கு? விதைக்காக. விதை வேண்டாம்னா வேலி எதுக்குன்னு அடுத்த நாளே கேப்பாங்க. பக்கத்துல மணல் கிடங்கு வச்சிருக்கவன் எப்போடா எப்போடான்னு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான்." பெரியவள் வாளியைச் சாய்த்தாள். "மண்ணுலதான் ஏதோ கோளாறு. நான்தான் அந்த இடத்தக் காமிச்சேன்."

காயோடு ஒடித்து வந்த கிளைகள் சாக்கின்மேல் கிடந்தன. சின்னவள் சும்மா ஒன்றைக் கையில் எடுத்தாள். நுனியில் புதுத் தளிர். இலைக்காம்பு நல்ல சிவப்பு, குங்குமத்தைத் தொட்டு இழுத்த மாதிரி. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் சிவப்பு.

"இதெல்லாம் எந்த மரத்துலக்கா ஒடிச்சீங்க?"

"எந்த மரமா? அங்கொண்ணு இங்கொண்ணா முப்பது மரத்துல."

முப்பது கிளையையும் சின்னவள் புரட்டிப் பார்த்தாள். முப்பதும் ஒரே சிவப்பு.

"தண்ணி ஊத்திட்டு வர்றேன்," என்று எழுந்தாள். காலையில் ஊற்றிய பாத்திகளுக்கே மறுபடியும் ஊற்றினாள்.

அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். ஒன்பதாம் மரத்தின் சிவப்பு அது.

புதுக்கரைக்கு விதை எடுத்த வருஷம், காய் உதிரும் சமயத்தில் பெரியவளின் புருஷனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பெரியவள் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போகும்போது சாவியையும் வேலையையும் இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "இருபத்திரண்டு தாய் மரம், இருபத்திரண்டு பை. ஒரு மரத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல எடுக்காத. காய வைக்காத, காஞ்சா செத்துடும்." பைகளைச் சின்னவள் முன்னாலேயே தைத்து, ஒவ்வொன்றிலும் நீல நூலால் எண்ணும் போட்டு வைத்திருந்தாள். தையல்காரிக்கு எல்லாம் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் படகில் போனபோது, காட்டுக்குள் குறுக்கே ஓடும் ஓடையில் தண்ணீர் கழுத்தளவு ஏறியிருந்தது. இருபத்தொரு மரம் ஓடைக்கு அந்தப் பக்கம். படகுத்துறைக்குப் பக்கத்தில் தனியாக நின்றது ஒன்பது மட்டும். அதனடியில் காய் மெத்தை போட்ட மாதிரி கிடந்தது.

ஒரு கணம்தான் நின்றாள். விதை என்றால் விதைதானே என்று தோன்றியது. எண் தைத்த பைகள் கையில் இருந்தன. நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

அதற்குப் பிறகு அதை அவள் பெரிதாக நினைக்கவே இல்லை. நாற்று நன்றாக வந்தது. புதுக்கரையை எல்லாரும் பாராட்டினார்கள். வருஷா வருஷம் தளிர் விடும்போது மூவாயிரம் மரமும் ஒரே நாளில் ஒரே சிவப்பாகப் பற்றிக்கொள்வதைப் படமெடுத்து அலுவலகச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தார்கள். தானும் அதைப் பார்த்துப் பூரித்துப் போனது இப்போது அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

சாயங்காலம் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் இரண்டு ஊசி உடைந்தது.

"மெஷினோட என்ன சண்டை?" என்றார் புருஷன். பஸ் ஓட்டுகிறவர். டியூட்டி முடிந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஊசி சரியில்ல."

"காலையிலேர்ந்து எதுவுமே சரியில்ல. தட்டு சரியில்ல, கதவு சரியில்ல, நான் சரியில்ல. நான் சரியில்லங்கறது பழைய சேதி. மத்ததெல்லாம் புதுசா இருக்கே."

அவள் ஊசியை மாற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்க பஸ்ஸ ஒரு ஸ்டாப்புல நிறுத்தாமப் போயிட்டீங்கன்னு வச்சுக்குங்க. யாரும் பாக்கல. என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த ஸ்டாப்புல நிறுத்துவேன்."

"அந்த ஸ்டாப்புல நின்னவங்க?"

"திட்டுவாங்க. அடுத்த பஸ்ஸுல ஏறிப் போவாங்க."

"அடுத்த பஸ்ஸே இல்லன்னா?"

அவர் காலை மடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "யாரடி விட்டுட்டு வந்த?"

"யாரையும் இல்ல. சும்மாக் கேட்டேன்."

"நீ சும்மாக் கேக்கற ஆளு இல்ல. அண்ணிகூட ஏதாவதா?"

"அவங்ககூட எனக்கு என்ன."

மேலே பெரியவள் நடக்கும் சத்தம் கேட்டது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். சின்னவள் மெஷினை மூடி வைத்தாள். மூடியதைத் திறந்தாள். எழுந்து மாடிப்படிவரை போனாள். இரண்டு படி ஏறிவிட்டு, கைப்பிடியைத் துடைக்க வந்தவள் மாதிரி துடைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"கைப்பிடி சரியில்லையா?" என்றார் புருஷன்.

புதன்கிழமை காலை அவள் தனியாகப் படகுத்துறைக்குப் போனாள். நிஜமாகவே அந்தச் சிவப்பு ஒன்பதுக்கு மட்டும்தானா என்று பார்த்துவிட வேண்டும். மற்ற மரங்களும் சிவப்பாக இருந்துவிட்டால் தப்பித்தேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

"அக்கா வரலையாம்மா?" என்றார் படகுக்காரர்.

"வேலையா இருக்காங்க."

"சீக்கிரம் முடிச்சுக்குங்க. ஞாயித்துக்கெழம அணை தெறக்கறாங்களாம். அப்புறம் ஒரு மாசம் ஓடையத் தாண்ட முடியாது." நடு ஆறு வந்ததும் துடுப்பை நிதானமாகப் போட்டார். "அந்த வெள்ள வருஷமும் நீங்க தனியாத்தான் வந்தீங்க."

சின்னவள் மடியில் இருந்த டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து மூடினாள்.

"ஒரு தூக்கம் போடலாம்னு நான் துண்ட விரிச்சேன். விரிச்ச துண்டுல தலைய வைக்கல, இருபத்திரண்டு பையோட வந்து நிக்கறீங்க. அடேயப்பா, என்ன வேகம்னு நெனச்சேன்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலையே. நான் ஆள எறக்கிவிட்டு ஆள ஏத்திட்டு வர்றவன். பைக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டாத்தானே பையப் பத்திச் சொல்றது."

"இப்பக் கேட்டா?"

"இப்பவும் நீங்களே சொன்னாத்தான் அழகு," என்றார் அவர்.

ஒன்பதாம் மரம் பாதையோரம் அப்படியே நின்றது. சிவப்புக் காம்பு. அவள் ஒரு கிளையை வெட்டி ஈரத்துண்டில் சுற்றினாள். கீழே கிடந்த காயில் பத்தைப் பொறுக்கி, கையோடு கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு போட்டாள். ஆறு மிதந்தது, நாலு மூழ்கியது. பக்கத்தில் துணை இல்லாத மரம், தன் பூவுக்குத் தானே மகரந்தம் கொடுத்துக்கொண்டு காய்த்திருக்கிறது.

ஓடையில் இன்று முழங்காலளவு தண்ணீர். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தாண்டினாள்.

மூன்றாம் மரம் அடியிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. காம்பு வெளிர் பச்சை. ஐந்தாம் மரத்தில் தாமிர நிறம். பன்னிரண்டில் காம்பெல்லாம் மெல்லிய ரோமம், தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. பதினான்கு இன்னும் தளிரே விடவில்லை, இலைகள் முற்றிக் கரும்பச்சையாக இருந்தன. பதினெட்டில் மஞ்சள். ஒவ்வொன்றிலும் ஒரு கிளை வெட்டினாள், அடியில் பத்துக் காய் பொறுக்கினாள், டிபன் பாக்ஸில் போட்டாள். டுபுக் டுபுக்கென்று மூழ்கின. ஒன்று மிதந்தால் அதிகம்.

பதினேழாம் மரம் ஆற்றின்மேல் சாய்ந்து, பாதி வேரைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றது. அதன் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இதில் காய் எடுக்க வேண்டுமானால் குப்புறப் படுத்துக் கையை நீட்ட வேண்டும். படுத்து நீட்டினாள். புடவையெல்லாம் சேறு. கிளை கையில் வந்தது. காம்பில் பச்சைமேல் கோடுகோடாகக் கறுப்பு.

இருபத்திரண்டில் சிவப்பு ஒன்றே ஒன்றுதான்.

திரும்பும்போது புதுக்கரையில் படகை நிறுத்தச் சொல்லி, கோடிக்குக் கோடி நடந்து இருபத்திரண்டு மரத்தில் இருபத்திரண்டு கிளை வெட்டினாள். அத்தனையும் சிவப்பு.

வீட்டுக்குப் போனதும் நேராக மாடி ஏறினாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று படிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே ஏறினாள். பெரியவள் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"நல்ல சமயத்துல வந்த. கேளு, தப்பிருந்தா சொல்லு." பெரியவள் தாளைத் தூக்கிப் பிடித்தாள். "'புதுக்கரை நடவுக்கான இடத்தைத் தேர்வு செய்தது நான். அந்த மண் இம்மரத்துக்கு ஒத்துவரவில்லை என இப்போது தெரிகிறது. இதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. நாற்றங்கால் சாவியை ஒப்படைக்கிறேன்.' போதுமா? இன்னும் கொஞ்சம் மரியாதையா எழுதணுமா?"

"சாவிய எதுக்கு ஒப்படைக்கணும்?"

"மூவாயிரம் மரம்டி. யாராவது ஒருத்தர் தலைய நீட்டித்தானே ஆகணும்."

"அக்கா, அந்த வருஷம்..."

"அந்த வருஷத்தப் பத்தித்தான் நானும் யோசிச்சுட்டிருந்தேன். இவரு ஆஸ்பத்திரில கெடந்தாரு, நீ ஒத்தையா அந்தத் தண்ணில போய் விதை எடுத்துட்டு வந்த. அதுவும் வீணாப் போச்சேன்னுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு." கண்ணாடியைக் கழற்றினாள். "என்ன புடவையெல்லாம் சேறு?"

"வழுக்கி விழுந்துட்டேன்."

"இந்த வயசுல பாத்து நடக்க மாட்ட? போ, போய் மாத்து."

சின்னவள் போய் மாற்றினாள். படி இறங்கும்போது தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. சமையல் முடிந்ததும் வெள்ளைத் துணி இரண்டு கிழித்தாள். ஒன்றில் பழைய காட்டுக் கிளைகளையும் இன்னொன்றில் புதுக்கரைக் கிளைகளையும் வரிசையாக வைத்து ஓட்டுத் தையல் போட்டாள். முதல் துணியில் ஒவ்வொன்றின் கீழும் நீல நூலால் எண். ஜவுளிக்கடையில் துணிச் சாம்பிள் காட்டுவார்களே, அந்த மாதிரி. முடித்துவிட்டு ஈரத்துண்டோடு சுருட்டி வைத்தாள். இனி வாய் வராவிட்டாலும் துணி பேசும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் நிம்மதி ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். பெரியவள் கையில் கவர். சின்னவள் கையில் மூட்டை.

"அங்கயும் தையலா?" என்றாள் பெரியவள். "மேடத்துக்கு ஜாக்கெட் அளவு எடுக்கப் போறியா?"

"வேண்டியிருக்குக்கா."

மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். வந்து மூன்று வருஷம். மேசைக்குப் பின்னால் சுவரில் அந்தப் பெரிய படம், ஒரே சிவப்பாகப் புதுக்கரை. மேசைமேல் ஒரு பழைய ஃபைல் திறந்திருந்தது. கவரை வாங்கிப் பிரித்து, மேடம் முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தார்.

"மேடம், அந்த லெட்டரப் படிக்காதீங்க," என்றாள் சின்னவள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மூட்டையை அவிழ்த்து, ஃபைலைக் கொஞ்சம் தள்ளி, இரண்டு துணியையும் மேசைமேல் விரித்தாள். தண்ணீர் சொட்டிற்று.

"இது பழைய காடு. இருபத்திரண்டு மரம். காம்பப் பாருங்க, ஒண்ணொண்ணும் ஒரு தினுசு. இது புதுக்கரை. இதுவும் இருபத்திரண்டு மரம்."

மேடம் குனிந்து பார்த்தார். விரல் முதல் துணியில் ஒன்றிலிருந்து நகர்ந்து ஒன்பதில் வந்து நின்றது. பிறகு இரண்டாவது துணிக்குப் போயிற்று. பிறகு தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் கூடப்பொறந்ததுங்களா?"

"ஆமா மேடம். எல்லாம் ஒன்பதாம் மரத்துப் பிள்ளைங்க. மண்ணுல ஒரு கோளாறும் இல்ல. அண்ணன் தங்கச்சியையே மூவாயிரம் பேரா நட்டு வச்சிருக்கோம், அப்புறம் எப்படிப் பருப்புப் பிடிக்கும்? அன்னிக்கு ஓடையில தண்ணி ஜாஸ்தி. எனக்குப் பயம். நான் தாண்டவே இல்ல. ஒன்பதுக்குக் கீழ உக்காந்து இருபத்திரண்டு பையும் ரொப்பினேன். எண்ணு முன்னாடியே தச்சு வச்சிருந்தேன்."

மேடம் பழைய ஃபைலைத் திரும்ப இழுத்துப் பார்த்தார். "இருபத்திரண்டு பையும் சரியா ரெண்டு ரெண்டு கிலோ. நான் இதப் பாத்துட்டு எவ்வளவு ஒழுங்கா எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்." கீழே இருந்த கையெழுத்தைப் பெரியவள் பக்கம் திருப்பினார். "இது உங்களோடதா?"

"என்னோடதுதான்," என்றாள் பெரியவள்.

அவள் துணியைப் பார்க்கவில்லை. சின்னவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து நான் போன் பண்ணேன். பதினேழுல காய் இருந்துதான்னு கேட்டேன். என்ன சொன்ன?"

"நெறைய இருந்துச்சுன்னு சொன்னேன்."

"அது தண்ணிமேல சாஞ்சு நிக்குமே, எப்படி எடுத்தன்னு கேட்டேன்."

"படுத்துக் கைய நீட்டி எடுத்தேன்னு சொன்னேன்."

"ஏழு வருஷமா பாக்கறவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டிருக்கேன். எங்க சின்னவ கழுத்துத் தண்ணில போய்ப் படுத்துக் கைய நீட்டி எடுத்தான்னு." பெரியவள் நிறுத்தினாள். "விதைய விடு. பயமா இருந்துச்சு, போகலன்னு சொல்லியிருந்தா நான் என்ன, உன்னக் கடிச்சா தின்னிருப்பேன்?"

விசிறி சுற்றிய காற்றில் துணியின் ஓரம் படபடத்தது. அதைச் சின்னவள் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மேடம்தான் பேசினார். "மண்ணு காரணம் இல்லன்னா முடிவு மாறும். அந்த வெளியூர் மரத்த நான் இப்ப எழுத மாட்டேன். ஆனா இது ரெக்கார்டுல ஏறும். ரெண்டு பேர் பேருலயும் ஏறும். மறைக்க முடியாது."

"ஏறட்டும்," என்றாள் பெரியவள்.

"புதுக்கரையச் சரி பண்ண முடியுமா?"

"நடுநடுவுல மத்த தாய்ங்களோட பிள்ளைங்கள நடணும். பத்துச் செவப்புக்கு ஒரு பச்சை, ஒரு மஞ்சள்னு. அதுங்க பூக்கறதுக்கு இன்னும் ஆறேழு வருஷம். அப்புறம்தான் இதுங்களுக்கும் பருப்புப் பிடிக்கும்."

"விதை?"

"இப்பத்தான் உதிருது. ஞாயித்துக்கெழம அணை தெறக்கறாங்க. இன்னிக்கும் நாளைக்கும் நாளன்னிக்கும் இருக்கு."

மேடம் கவரை மடித்துப் பெரியவளிடமே நீட்டினார். பிறகு தயங்கிச் சொன்னார். "கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. பையில தச்ச எண்ண நான் இனிமே எப்படி நம்பறது?"

பெரியவள் கவரை வாங்கி இடுப்பில் செருகினாள். "அத நான் பாத்துக்கறேன்," என்றாள்.

வெளியே வந்து தெருவில் வேகமாக நடந்தாள். சின்னவள் நாலடி பின்னால். நாற்றங்காலில் பெரியவள் அலமாரியைத் திறந்தாள், புதுப் பைக் கட்டு இரண்டைப் புரட்டினாள். எண் தைத்த கட்டை அப்படியே திரும்ப உள்ளே எறிந்தாள். எண் போடாத வெறும் பைகளை எடுத்துக்கொண்டாள்.

"நூல் இருக்கா?"

"இருக்கு."

"ஊசி?"

"இருக்குக்கா."

"எடுத்துட்டு வா."

அவ்வளவுதான் பேச்சு. படகுக்காரர் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். நடு ஆற்றில் தண்ணீர் நேற்றைவிடக் கலங்கலாக இருந்தது. மேலே எங்கோ மழை பெய்கிறது போலும். சின்னவள் ஊசியில் நூலைக் கோத்தாள், உருவினாள், மறுபடி கோத்தாள். படகு ஆடியதில் விரலில் குத்திற்று.

"அங்க போய்க் கோத்துக்கலாம்," என்றாள் பெரியவள், ஆற்றைப் பார்த்துக்கொண்டே.

ஒன்பதாம் மரத்தைக் கடந்து போனார்கள். பெரியவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அவள் முதலில் இறங்கினாள். நடுவில் நின்று, திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். கரை ஏறியதும் பெரியவள் கையை எடுத்துக்கொண்டாள்.

முதலாம் மரத்தடியில் பெரியவள் குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். அங்கொன்று இங்கொன்றாக, கொஞ்சம் விட்டு விட்டு. பை பாதி நிறைந்ததும் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"இங்கயே தை. தகரத்துல இருக்கறதப் பாத்துத் தை. தச்சு முடிச்சாத்தான் அடுத்த மரம்."

"ஒரு பைக்குப் பத்து நிமிஷம் ஆகுமேக்கா. ஒன்பது போக இருபத்தொண்ணு இருக்கு."

"அப்ப வேகமாத் தை."

சின்னவள் குனிந்தாள். பெரியவள் பிடித்திருந்த துணியில் ஊசியை ஏற்றினாள். ஒன்று என்று ஒரு நேர்கோடு போடுவதற்குள் இரண்டு முறை கோணிற்று, பிரித்துப் போட்டாள். ஓடையின் சத்தம் கூடிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்க்க நினைத்தாள்.

"ஓடைய நான் பாத்துக்கறேன். நீ முடிச்சப் போடு. கெட்டியாப் போடு."

முடிச்சு விழுந்தது. பல்லால் நூலைக் கடித்தாள். பெரியவள் பையைத் தூக்கி, தகரத்தில் இருந்த எண்ணையும் துணியில் இருந்த எண்ணையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து நடந்தாள்.

"ரெண்டு," என்றாள்.